கூடத்துக்கு வெறும் சிமெண்ட் தரை போடலாமா? (ஓட்டு வீடு, துறையூர் பக்கம்)

வேப்பமரத்தடி

எல்லாருக்கும் வணக்கம். துறையூர் பக்கம் எங்கள் கிராமத்து வீடு, 1984ல் அப்பா கட்டியது. ஓட்டுக் கூரை, செங்கல் சுவர், சுண்ணாம்புக் கலவை. கூடம் 16க்கு 12. முதலில் சாணி மெழுகிய தரையாகத்தான் இருந்தது. அக்கா கல்யாணத்துக்கு முன்னால் 1996ல் அவசரமாக சிமெண்ட் பூசினார்கள். அந்த அவசரத்தைத்தான் இன்றுவரை கூட்டிப் பெருக்கிக்கொண்டிருக்கிறோம். தினமும் காலையில் ஒரு கைப்பிடி சாம்பல் நிறப் பொடி முறத்தில் சேரும். நடு நிலைக்குப் பக்கத்தில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஓர் இடம் மிதித்தால் ஆடுகிறது.

டைல்ஸ் வேண்டாம் என்பதில் அம்மா உறுதி. அக்கா வீட்டு டைல்ஸில் ஒருமுறை வழுக்கி விழுந்ததிலிருந்து அந்தப் பேச்சையே எடுக்க விடுவதில்லை. மதியம் பாய் கூட இல்லாமல் தரையில் தலைசாய்த்துப் படுப்பது அவர் வழக்கம், அதற்கும் சிமெண்ட் தரைதான் தோது என்கிறார்.

ஊர்க் கொத்தனார் வந்து பார்த்தார். பழைய தரை மேலேயே ஒரு இன்ச், ஒன்றுக்கு ஆறு கலவை (ஒரு பங்கு சிமெண்ட், ஆறு பங்கு மணல்), மேலே சிமெண்ட் தூவி இழைத்துவிட்டால் ஒரே நாளில் முடிந்துவிடும் என்கிறார். கேட்க நன்றாக இருக்கிறது, அதனால்தான் பயமாகவும் இருக்கிறது. ஆத்து மணல் கிடைப்பது கஷ்டம், கல்லை உடைத்துச் செய்யும் எம் சாண்ட்தான். விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கலவைக்காரன்

தம்பி, முதலில் ஒரு வேலை செய்யுங்க. ராத்திரி வீடு அடங்கினதும் ஒரு சாவியோ அஞ்சு ரூபாய்க் காசோ எடுத்துக்கிட்டு, தரையை அடிக்கு ஒரு தட்டு தட்டிக்கிட்டே வாங்க. 'டிக்' என்று கெட்டியாகக் கேட்டால் தரை கீழே பிடித்திருக்கு. 'டொப்' என்று பானையைத் தட்டின மாதிரி கேட்டால் அங்கே உள்ளே காற்று. சாக்பீஸில் சுற்றிக் கோடு போட்டு வையுங்க. அந்த வட்டத்துக்கு மேல் எவ்வளவு நல்ல கலவை போட்டாலும் வீண். கீழே இருக்கிறது ஆடினால் மேலே இருக்கிறதும் ஆடும்.

ஒன்றுக்கு ஆறு சுவர்ப் பூச்சுக்கான கலவை. சுவரை யாரும் மிதிப்பதில்லை. தரைக்கு ஒன்றுக்கு நாலு வேண்டும். ஆர்வக் கோளாறில் ஒன்றுக்கு மூணு, ரெண்டரை என்று போனால் சிமெண்ட் கூடிப்போய், காயும்போது சுருங்கி விரிசல் விடும். கனம் ஒன்றரை இன்ச்சுக்குக் குறையக் கூடாது. ஒரு இன்ச் பூச்சு தரையோடு ஒட்டுவதற்குள் காய்ந்துவிடும்.

உங்கள் கூடத்துக்குக் கணக்கு: 192 சதுர அடி, ஒன்றரை இன்ச் என்றால் 24 கன அடி. உலர்ந்த பொருள் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக வேண்டும், ஆக 32. அதில் சிமெண்ட் ஆறரைக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு மூட்டை ஒண்ணே கால் கன அடி, அப்போ அஞ்சு மூட்டை, கைக்கு ஒண்ணு கூடுதல். மணல் 26 கன அடி, அதாவது கால் யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி).

கரிசல்காட்டான்

கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் வீட்டில் கலவை, சிமெண்ட், கொத்தனார் எல்லாமே முதல் தரம். ஒரே ஒரு சிக்கனம் செய்தோம். அஸ்திவாரம் தோண்டிய கரிசல் மண்ணையே பேஸ்மென்டுக்குள் அள்ளிப் போட்டு நிரப்பிவிட்டோம். கிராவல் லோடு மிச்சம் என்று சந்தோஷம் வேறு.

அந்த ஐப்பசி மழையில் கூடத்து நடுத்தரை பணியாரம் மாதிரி உப்பியது. சித்திரையில் இறங்கியது. அடுத்த மழைக்கு மறுபடி உப்பியது. மூன்றாம் வருடம் மூலைக்கு மூலை விரிசல், விரல் நுழையும். கரிசல் தண்ணீர் குடித்தால் பெருக்கும், காய்ந்தால் சுருங்கும், அதன் மேல் என்ன போட்டாலும் தூக்கிவிடும். கடைசியில் இரண்டடி மண்ணைத் தோண்டி வெளியே கொட்டி, கிராவல் போட்டோம். மிச்சம் பிடித்த லோடுக் காசு எங்கே போனதென்று கேட்காதீர்கள்.

வேப்பமரத்தடி, உங்கள் தரைக்கடியில் என்ன மண் என்று முதலில் பாருங்கள்.

வேப்பமரத்தடி

நேற்று ராத்திரி தட்டிப் பார்த்தேன். பத்து நிமிஷத்தில் அம்மா உள்ளேயிருந்து "யாருடா அது கதவத் தட்டுறது, இந்நேரத்துல?" என்று எழுந்து வந்துவிட்டார். விஷயத்தைச் சொன்னதும் அவரும் ஒரு கரண்டியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். காது அவருக்குத்தான் நன்றாகக் கேட்கிறது. சாக்பீஸ் தீர்ந்துபோச்சு. கூடத்தில் பாதிக்கு மேல் 'டொப்'தான்.

இன்று காலை ஆடுகிற இடத்தை உளியால் பெயர்த்தேன். பெயர்ப்பதற்கு ஒன்றுமே இல்லை, வடையை எடுப்பது போலக் கையோடு வந்தது. கனம் முக்கால் இன்ச். அதன் கீழே இரண்டு இன்ச் வெறும் மணல், விரலால் கிளறலாம். ஜல்லி என்று ஒன்று போடவே இல்லை. மணலுக்குக் கீழே செம்மண் கிராவல், அது மட்டும் கல் மாதிரி இருக்கிறது. சுவரோரமாகக் கரையான் புற்றுக் கோடு ஒன்றும் ஓடுகிறது. ஆக, இத்தனை வருடமாக நாங்கள் மணல் மேல் ஓர் அப்பளத்தைப் போட்டு நடந்துகொண்டிருந்திருக்கிறோம்.

கலவைக்காரன்

அப்போ யோசனையே வேண்டாம், முழுசாகப் பெயர்த்துப் போட்டுருங்க. ஒருவகையில் நல்லதுதான். பழைய தரை மேலேயே ஏற்றியிருந்தால் நிலைப்படி குட்டையாகி, கதவின் அடியைச் சீவ வேண்டி வந்திருக்கும்.

மணலை அள்ளி வெளியே வையுங்க, சலித்து வேறு வேலைக்கு ஆகும். கிராவலைத் தண்ணீர் விட்டு ஊறவைத்து திமிசுக் கட்டை போட்டு இடிங்க. இடிக்கும்போது சத்தம் மாறும். முதலில் 'மொத் மொத்' என்று இருக்கும், கெட்டியானதும் கட்டை துள்ளும். துள்ளுகிற வரைக்கும் இடிக்கணும். பிறகு மேலே கரையான் மருந்து, அதற்குத் தெரிந்த ஆளை வைத்து.

அப்புறம் மூணு இன்ச் ஜல்லிக் கான்கிரீட், ஒன்றுக்கு நாலுக்கு எட்டு (சிமெண்ட், மணல், ஜல்லி). ஒன்றரை இன்ச் ஜல்லி 45 கன அடி, மணல் அதில் பாதி, சிமெண்ட் அஞ்சு மூட்டை. அளவை வைத்துக் கொஞ்சம் கூடத் தோண்ட வேண்டியிருக்கும். இதன் மேற்பரப்பை வழவழப்பாக்க விடாதீங்க, சொரசொரப்பாக இருந்தால்தான் மேல் பூச்சு பிடிக்கும். ஒரு வாரம் தண்ணி காட்டுங்க.

சைட்டுக்காரன்

கட்டடப் பொறியாளர் என்ற முறையில் சில விஷயங்கள்.

எம் சாண்ட் தாராளமாகப் போடலாம். இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 383ன் 2016 பதிப்பிலேயே செயற்கை மணலுக்கு இடமிருக்கிறது. ஆனால் சுவர்ப் பூச்சுக்கு விற்கும் பி சாண்ட் தரைக்கு வேண்டாம், அது நைசு. நைசு மணல் அதிகத் தண்ணீர் கேட்கும், தண்ணீர் கூடினால் விரிசல் கூடும். குவாரித் தூளையே எம் சாண்ட் என்று இறக்கிவிட்டுப் போகும் லாரிகளும் உண்டு. கண்ணாடி பாட்டிலில் பாதிவரை மணல், மேலே தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு போட்டுக் குலுக்கி மூன்று மணி நேரம் வையுங்கள். மணலுக்கு மேலே குழம்பு மாதிரி ஒரு படலம் படியும். 10 செ.மீ. மணலுக்கு அந்தப் படலம் ஒரு செ.மீ.யைத் தொட்டால் லோடைத் திருப்பி அனுப்புங்கள்.

ஈர மணலின் கணக்கும் முக்கியம். லேசான ஈரம் உள்ள மணல் உப்பலாக நிற்கும், அளவில் 20, 25 சதவீதம் கூடக் காட்டும். சட்டிக் கணக்கில் அளந்தால், நாலு சட்டி என்று போடுவதில் உண்மையான மணல் மூன்றேகால்தான் இருக்கும். கொத்தனார்கள் இதைக் கவனிப்பதில்லை.

16 அடி நீளத்தை ஒரே தளமாக இழுக்கக் கூடாது. எந்தப் பக்கமும் 2 மீட்டரைத் தாண்டாத கட்டங்களாகப் பிரிப்பதுதான் முறை. இடையில் கண்ணாடிப் பட்டை வையுங்கள். சிமெண்ட் சுருங்கியே தீரும். எங்கே பிளக்க வேண்டும் என்று நாம் சொல்லிவைக்காவிட்டால் அதுவே முடிவு செய்துகொள்ளும்.

கடைசியாக, ஜல்லிக்கு அடியில் கனமான பாலித்தீன் விரிப்பு போடுங்கள், நிலத்து ஈரம் மேலே ஏறாது.

கலவைக்காரன்

கவனிப்போம் ஐயா. ஈர மணலுக்கு ஒரு சட்டி கூடப் போடு என்று எங்கப்பாவே சொல்லிக்கொடுத்திருக்கார்.

பாலித்தீன் விஷயத்தில் மட்டும் எனக்கு ஒப்புதல் இல்லை. புதுக் கட்டடத்தில், சுவருக்கடியில் ஈரம் ஏறாமல் தடுக்கிற டி.பி.சி. பட்டை இருந்தால் சரி. இது சுண்ணாம்புச் சுவர், அடியில் தடுப்பு ஒன்றும் இருக்காது. இத்தனை நாள் தரை வழியாக மூச்சு விட்டுக்கொண்டிருந்த ஈரத்தை விரிப்புப் போட்டு மூடினால், அது ஓரத்துக்குப் போய்ச் சுவரில் ஏறும். முழங்கால் உயரத்துக்குப் பூச்சு உப்பி உதிரும். பார்த்திருக்கேன்.

சைட்டுக்காரன்

நியாயமான பேச்சு. பழைய சுண்ணாம்புச் சுவரில் அந்த ஆபத்து உண்டு. சுவரில் இப்போது ஈரக் கோடு இருக்கிறதா என்று பார்த்து முடிவு செய்யட்டும். என் சொந்த வீடாக இருந்தால் நான் விரிப்பு போட்டிருப்பேன்.

சித்தாள்மகள்

ரொம்ப நாளாகப் படிக்கிறேன், எழுதுவது முதல் தடவை. அம்மா 20 வருடம் சித்தாள் வேலை பார்த்தவர். கலவை பற்றி யார் பேசினாலும் எனக்கு அவர் கால்விரல்தான் ஞாபகம் வரும். ஈர சிமெண்ட் காரம், தோலைத் தின்னும். தரை போடுகிற நாள் என்றால் காலையிலேயே கைகாலில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு போவார். சாயங்காலம் விரலிடுக்கில் வெள்ளையாகப் பிளந்திருக்கும். தயவுசெய்து வேலையாட்களுக்கு ரப்பர் பூட்ஸும் கையுறையும் வாங்கிக் கொடுங்கள். இத்தனை மூட்டை சிமெண்ட் வாங்குகிற வீட்டுக்கு அது ஒரு செலவே இல்லை.

அம்மா சொன்ன இன்னொன்று. தரை கெடுவது பெரும்பாலும் மத்தியானத்துக்கு மேல்தானாம். காலையில் கலவை கெட்டியாக இருக்கும். வெயில் ஏறி, கை சோர்ந்ததும் கொத்தனார் "தண்ணி ஊத்தும்மா" என்பார். தண்ணீர் கூடினால் கரணை வழுக்கிக்கொண்டு ஓடும், வேலை சுகமாக இருக்கும். அந்த மத்தியானக் கலவைதான் பிறகு பொடியாக உதிருமாம். அம்மா கைக்கணக்கு இது: ஒரு பிடி கலவையை எடுத்துப் பிடித்தால் பிடிகொழுக்கட்டை மாதிரி விரல் தடத்தோடு நிற்க வேண்டும். விரலிடுக்கில் தண்ணீர் கசியக் கூடாது, கையைத் திறந்ததும் உதிரவும் கூடாது.

கலவைக்காரன்

அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லும்மா. அந்தக் கொழுக்கட்டைக்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

தரை போடுகிற அன்றைக்கு என்ன நடக்கணும் என்று எழுதுகிறேன். தம்பி பக்கத்தில் நின்று பார்க்கலாம்.

முந்தின நாள் சாயங்காலம் ஜல்லித் தளத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, நன்றாக நனைத்து விடுங்க. காலையில் ஈரம் இருக்கணும், தேங்கி நிற்கக் கூடாது. டியூப் மட்டம் பிடித்துச் சுவரில் கோடு அடித்து, அங்கங்கே புள்ளி வைப்போம். உடைந்த ஓட்டுச் சில்லைக் கொஞ்சம் கலவையில் பதித்தால் அதுதான் புள்ளி. வாசல் பக்கமாகக் கால் இன்ச்சாவது வாட்டம் வையுங்க, கழுவிவிட்டால் தண்ணீர் தானாக வெளியே போகணும்.

சிமெண்டையும் மணலையும் உலர்ந்தபடியே மூணு தடவை புரட்டணும். மணல் நிறமும் சிமெண்ட் நிறமும் தனித்தனியாகத் தெரியாமல் ஒரே நிறமாக வந்த பிறகுதான் தண்ணீர். அரை மணி நேரத்தில் போட்டு முடிக்கிற அளவுக்குத்தான் ஒரு தடவைக்குக் கலக்கணும். டீ குடித்துவிட்டு வந்து, இறுகிப்போன கலவையில் மறுபடி தண்ணீர் ஊற்றிக் கிளறுகிற ஆளைக் கண்டால் அந்தச் சட்டியைத் தோட்டத்தில் கொட்டச் சொல்லுங்க.

போடுகிற இடத்தில் மட்டும் சிமெண்ட் பாலைத் தென்னை விளக்குமாற்றால் தேய்த்துவிட்டு, அது காய்வதற்குள் கலவையைக் கொட்டணும். பால் காய்ந்துபோனால் ஒட்டவைப்பதற்குப் பதிலாகப் பிரிக்கிற வேலையைச் செய்யும். உள்மூலையில் ஆரம்பித்து வாசல் பக்கமாகப் பின்னாலேயே வரணும். மட்டப்பலகையால் ரம்பம் அறுக்கிற மாதிரி இழுத்து, மணியாசு கட்டையால் (பூச்சைத் தேய்க்கிற மரக்கட்டை) அடித்து அழுத்தணும். அடிக்கிற அடியில்தான் தரை உருவாகுது. இழைப்பது முகத்துக்குப் பவுடர் போடுகிற மாதிரிதான்.

கட்டங்களை ஒன்று விட்டு ஒன்றாக, சதுரங்கப் பலகை மாதிரி போட்டு, மீதியை மறுநாள் நிரப்பினால் இன்னும் நல்லது. ஒரே நாளில் முடிக்கிறேன் என்ற கொத்தனாருக்குக் கசக்கும். இரண்டு நாள் கூலி கொடுத்துடுங்க.

தாவடியான்

யாழ்ப்பாணத்தில இருந்து. எங்கட பக்கம் பழைய வீடுகளில சிவப்புச் சீமெந்துத் தரைதான். அம்மம்மா வீட்டு விறாந்தையில முகம் பார்க்கலாம். சனிக்கிழமையில மெழுகு பூசி, தேங்காய்ப் பொச்சுமட்டைப் பாதியைக் காலுக்குக் கீழ வைச்சுப் பேரப்பிள்ளைகள் எல்லாரும் ஓடி ஓடித் தேய்ப்பம். அது வேலையெண்டே தெரியாது. காங்கேசன்துறை ஆலைச் சீமெந்து என்று அப்பா பெருமையாச் சொல்லுவார். 1990இல அந்த ஆலை நிண்டுபோச்சு, தரை இண்டைக்கும் கிடக்குது.

கேள்வி ஒண்டு: சாயம் போடுறதெண்டால் எப்ப கலக்க வேணும்?

கலவைக்காரன்

கூடத்துக்கு முழுசும் வேண்டிய சிமெண்டையும் காவிப் பொடியையும் உலர்ந்தபடி ஒரே தடவையில் கலந்து, சலித்து, மூட்டை கட்டி வைச்சுக்கணும் அண்ணே. அப்பப்போ கலந்தால் ஒவ்வொரு கட்டமும் ஒவ்வொரு சிவப்பாக வரும். நேரம் கடத்தி வேறு கம்பெனி சிமெண்ட் வாங்கினாலும் நிறம் மாறும்.

வேப்பமரத்தடி

எங்களுக்குச் சாயம் வேண்டாம் என்று முடிவு. மேலே சிமெண்ட் தூவுவது பற்றி யாரும் சொல்லவில்லையே? கொத்தனார் அதில் பிடிவாதமாக இருக்கிறார்.

சைட்டுக்காரன்

தரையின் மேல் தண்ணீர் ஊறி நிற்கும்போது, அதை உறிஞ்ச வறண்ட சிமெண்டைத் தூவுகிறார்கள். அப்போது மேலே வலுவான, சுருங்கும் குணமுள்ள ஒரு மெல்லிய தோல் உருவாகிறது. கீழே நீர்த்துப்போன கலவை. இரண்டும் ஒன்றோடொன்று சேராது. ஆறே மாதத்தில் தோல் உரியும், இல்லாவிட்டால் முகம் முழுக்கச் சிலந்திவலை மாதிரி கோடு விழும். தண்ணீர் ஊறினால் காத்திருக்க வேண்டும், அது ஒன்றுதான் வழி.

கலவைக்காரன்

இதில் ஐயா சொல்வதுதான் சரி. இழைக்க வேண்டுமென்றால், அழுத்தி முடித்த பச்சைத் தரையில் கெட்டியான சிமெண்ட் பாலை மெல்லிசாகத் தேய்த்து, விரலால் அழுத்தினால் தடம் மட்டும் விழுகிற பதத்தில் இரும்புக் கரணை போடணும். உங்கம்மா வழுக்கும் என்று பயப்படுகிறார் இல்லையா? அப்போ கண்ணாடி மாதிரி இழைக்கவே வேண்டாம். இரண்டு தடவை இழைத்து நிறுத்திக்கச் சொல்லுங்க.

வேப்பமரத்தடி

ஒரு மாதம் கழித்து வருகிறேன். மாசி மாதத்திலேயே முடித்துவிட்டோம். சுவரில் ஈரக் கோடு எதுவும் இல்லை, ஆனாலும் விரிப்பு போடவில்லை. சைட்டுக்காரன் மன்னிக்கவும்.

கட்டத்துக்குக் கட்டம் இரண்டு நாளில் போட்டோம். கொத்தனாருக்கு முதலில் முகம் சுருங்கியது. கொழுக்கட்டை பிடித்துக் காட்டியதும் சிரித்துவிட்டார், "இதெல்லாம் யாரு சொல்லிக் குடுத்தா?" என்றார். பூட்ஸ் வாங்கிக் கொடுத்தேன். சித்தாள் வேலைக்கு வந்த அக்கா அரை நாள் போட்டுவிட்டு, கால் கனக்கிறது என்று கழற்றி வைத்துவிட்டார். நான் கெஞ்சிய பிறகு மறுபடி போட்டுக்கொண்டார்.

மறுநாள் காலையிலிருந்து தண்ணீர். வாசலில் களிமண்ணால் வரப்பு கட்டி, கூடம் முழுக்க ஒரு இன்ச் நிறுத்தினோம். பையில் பி.பி.சி. என்று போட்டிருந்தது. சாம்பல் கலந்த சிமெண்ட், மெதுவாகத்தான் இறுகும், ஏழு நாள் போதாது என்று கடைக்காரரே சொன்னார். பன்னிரண்டு நாள் விட்டோம். அதுவரை நாங்கள் திண்ணையில் குடித்தனம். ஓட்டு இடுக்கு வழியாக விழும் வெளிச்சம் தண்ணீரில் வட்டம் வட்டமாக மிதப்பதை அம்மா உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பார். நாலாம் நாள் கோழி ஒன்று குளம் என்று நினைத்து இறங்கிவிட்டது. நல்லவேளை, தரை அதற்குள் இறுகியிருந்தது.

குறையும் ஒன்று உண்டு. நடு நிலையின் மூலையிலிருந்து ஒரு முழம் நீளத்துக்கு மயிரிழைக் கோடு. அந்த மூலையில் மட்டும் கண்ணாடிப் பட்டை வைக்க மறந்துவிட்டோம். தட்டிப் பார்த்தேன், 'டிக்'தான். பயப்பட வேண்டுமா?

கலவைக்காரன்

பயப்படாதீங்க. நிலை மூலையில் அது வருவது சகஜம். நகம் நுழையாத வரைக்கும் சும்மா விடுங்க. ஒரு வருடம் கழித்து இன்னும் அகலமாகியிருந்தால் பார்க்கலாம். இப்போது கூட்டினால் பொடி வருதா?

வேப்பமரத்தடி

முதல் வாரம் கொஞ்சம் வந்தது. இப்போது முறத்தில் வேப்பம்பூ மட்டும்தான்.

மேய்ச்சல்நிலம்

பேச்சை வேறு பக்கம் திருப்புவதற்கு மன்னிக்கவும். இதே ஒன்றுக்கு நாலை மாட்டுக் கொட்டகைக்குப் போடலாமா? இரண்டு கறவை, ஒரு கன்று.

கலவைக்காரன்

கூடாது. மாட்டுக் குளம்புக்கும் மூத்திரத்துக்கும் மணல் பூச்சு தாங்காது. நாலு இன்ச் ஜல்லிக் கான்கிரீட்டையே ஒன்றுக்கு இரண்டுக்கு நாலாகப் போட்டு, மேலே பூச்சே இல்லாமல் விடுங்க. பச்சையாக இருக்கும்போது கயிறைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்து அழுத்தி எடுத்தால் கோடு விழும், குளம்பு வழுக்காது. வாட்டம் பத்தடிக்கு இரண்டு இன்ச், பின்பக்கம் வாய்க்கால். கொட்டகை என்ன அளவு? சொன்னால் மூட்டைக் கணக்கு போட்டுத் தருகிறேன்.